வளவு வீட்டுக்குப் புதுசா வந்த இகுவானா: கூண்டு, வெயில், தீனி, தூக்கும் முறை

பட்டாலைத்_தூண்
காரைக்குடி பக்கம் பழைய வளவு வீடு. வைத்துக்கொள்ள முடியாதவர் ஒருவர் கொடுத்த பச்சை இகுவானா (மரத்தில் வாழும் பெரிய பல்லி இனம்) இப்போது எங்கள் பொறுப்பில். வயது இரண்டு என்றார்கள். மூக்கு முதல் வால் நுனி வரை 85 செ.மீ. இதுவரை 3 அடி மீன் தொட்டி, ஒரு சிவப்பு பல்பு, பாலக் கீரை, அவித்த முட்டை. கையை நீட்டினால் வாலைச் சுழற்றி அடிக்கிறது. கூண்டு என்ன அளவு, முற்றத்து வெயில் போதுமா அல்லது யூவி (புற ஊதா) விளக்கு வேண்டுமா, என்ன கொடுப்பது, எப்போது எப்படித் தூக்குவது என்று தெரியவேண்டும். வீட்டில் 4 வயதுப் பிள்ளையும் அப்பத்தாவும் இருக்கிறார்கள்.

கொய்யாக்கிளை
முதலில் இன்றே செய்யவேண்டியது: முட்டையை நிறுத்துங்கள், சிவப்பு பல்பைக் கழற்றுங்கள். இகுவானா இலை தின்னி. முட்டை, கோழி, புழு, நாய்த் தீனி எதுவும் ஆகாது. விலங்குப் புரதம் வருடக் கணக்கில் போனால் சிறுநீரகம் கெடும். சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ராத்திரி தூங்க விடாது. இரவில் முழு இருட்டு வேண்டும்.

இரண்டு வயதுக்கு 85 செ.மீ. என்பது குறைவு. ஒழுங்காக வளர்ந்த குட்டி முதல் வருடத்திலேயே அதைத் தொட்டுவிடும். வளர்ந்தால் வாலோடு சேர்த்து நாலிலிருந்து ஆறு அடி வரை போகும். 15 வருடத்துக்கு மேலும் இருக்கும். அதனால் இடைக்காலக் கூண்டு என்று காசைப் போடவேண்டாம். ஒரே தடவையாக நீளம் 6 அடி, ஆழம் 3 அடி, உயரம் 6 அடி செய்துவிடுங்கள். இது குறைந்தபட்சம். மரத்தில் வாழும் பிராணி என்பதால் உயரத்தில் கை வைத்துக் குறைக்காதீர்கள். ஆழம் 3 அடி கேட்பது வாலுக்காக. திரும்ப இடமில்லாத கூண்டில் வால் நுனி அடிபட்டு அடிபட்டுக் கறுத்துக் காய்ந்துபோகும்.

சட்டத்துக்கு ஒரு இஞ்ச் ஜிஐ சதுரக் குழாய். பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல்மூடி எல்லாம் 12 மி.மீ. டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) போர்டு. சாதா பிளைவுட் தினசரித் தண்ணீர் தெளிப்பில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. முன்பக்கம் பிவிசி பூசிய அரை இஞ்ச் கண் வெல்ட் மெஷ். கோழி வலை வேண்டவே வேண்டாம். நகம் மாட்டிக் கால்விரல் பிய்ந்துவிடும், மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பர்மா தேக்குச் சட்டம், கதவு எல்லாம் கிடைக்கிறதே என்று தோன்றும். பார்க்க அழகுதான். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், இது நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பிராணி. இழைத்து வெறும் மரம் தெரிகிற அளவுக்குச் சீவாமல் உள்ளே வைக்காதீர்கள்.

உள்ளே கிளைகள்: கொய்யா, மா, புளி. அதன் உடம்பு தடிமன் அளவாவது இருக்கணும், இரண்டு முனையும் போல்ட் போட்டு முடுக்கணும். கேபிள் டையில் தொங்கவிட்ட கிளை ஒரு நாள் திரும்பிக்கொள்ளும். தரையில் மணல், மரத்தூள், தேங்காய்நார்த் தூள் எதுவும் போடாதீர்கள். தீனியோடு சேர்ந்து உள்ளே போய்க் குடலை அடைக்கும். பழைய செய்தித்தாள் போதும்.

மாட்டு_டாக்டர்
கூண்டு இருக்கட்டும், அந்தத் தீனியிலும் யூவி இல்லாத தொட்டியிலும் இருந்தது என்றால் எலும்பைப் பார்க்கணும். கீழ்த்தாடையின் இரண்டு ஓரத்தையும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கட்டியாக இருக்கவேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தாலோ, தொடையும் முன்கையும் கொழுகொழு என்று வீங்கி மற்ற இடம் மெலிந்திருந்தாலோ, விரல்கள் துடித்தாலோ, பின்காலை இழுத்தாலோ அது கால்சியம் குறைந்த எலும்பு நோய். கொழுத்த தொடையைப் பார்த்து ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் அதிகம். எலும்பு பலமிழந்ததை ஈடுகட்ட அந்த இடத்தில் நார்த்திசு சேர்வதால் வரும் வீக்கம் அது. அப்படி இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் தூக்கிப் பழக்கவே கூடாது, எலும்பு முறியும்.

மாட்டுக்குக் கொடுக்கிற கால்சியம் டானிக்கைச் சொட்டாக ஊற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதில் பாஸ்பரஸும் வைட்டமின் டி3-யும் சேர்ந்தே இருக்கும். ஏற்கனவே கோளாறான கால்சியம்–பாஸ்பரஸ் விகிதத்தை இன்னும் கெடுக்கும்.

புது எச்சத்தை 12 மணி நேரத்துக்குள் சின்ன டப்பாவில் போட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இலை தின்னும் பல்லிகளின் குடலில் ஊசிப்புழு கொஞ்சம் இருப்பது சகஜம். எண்ணிக்கையைப் பார்த்து, எடையைப் பார்த்துத்தான் மருந்து. உங்கள் பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்த நாள் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பயணத்துக்குத் தலையணை உறை போதும். இருட்டில் அடங்கிவிடும். உறையை மூடி வைத்த கூடைக்குள் வையுங்கள், நிறுத்திய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

மூக்கோரம் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் பயம் வேண்டாம். உடம்பில் மிஞ்சிய உப்பைத் தும்மித் தள்ளுகிறது. வாயில் நுரை, கோழை, வாயைத் திறந்தே மூச்சு விடுவது வேறு விஷயம். அது நெஞ்சுச் சளி.

வெயில்_காலம்
இந்த ஊரில் போய் யூவி டியூப் வாங்குவது கடலுக்குப் பக்கத்தில் உப்பு வாங்குகிற மாதிரி. முற்றத்தில் கூண்டை வையுங்கள், முடிந்தது வேலை.

கொய்யாக்கிளை
வெயில் இருக்கிறது, சரி. முற்றத்துக்கு எப்போது இறங்குகிறது என்று பாருங்கள். சுற்றி மாடிக்கட்டு இருக்கிற வளவில் தரைக்கு நேர் வெயில் வருவதே பத்து மணிக்கு மேல். அதாவது யூவி வேண்டிய அளவு இருந்து சூடு தாங்கக்கூடிய காலை நேரத்தில் முற்றம் நிழல். சித்திரையில் உச்சி வெயில் நேராக இறங்கும்போது உள்ளே அது வெந்துபோகும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், தென்பக்கம் பாதி நாளும் நிழல்தான்.

நல்ல நேரம் காலை 8 முதல் 9.30. ஏழு மணி வெயிலில் வெளிச்சம் இருக்கும், எலும்புக்கு வேண்டிய யூவிபி என்ற புற ஊதாக் கதிர் சொற்பம். சாய்ந்து வரும்போது காற்றுமண்டலமே அதை வடிகட்டிவிடும். அந்த நேரத்துக்குக் கிழக்குப் பார்த்த முகப்புத் திண்ணையோ மொட்டைமாடியோதான் சரி. சக்கரம் வைத்த 3 அடி வெயில் கூண்டு ஒன்று தனியாகச் செய்யுங்கள். முழுக்க மெஷ், அதில் பாதியைச் சாக்கு போட்டு மூடி நிழலாக்குங்கள், உள்ளே தண்ணீர்த் தட்டு. பங்குனி முதல் ஆடி வரை மொட்டைமாடித் தரையில் நேராக வைக்காதீர்கள், இரண்டடி உயர ஸ்டூல் மேல் வையுங்கள். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் உயிர் போகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு மட்டும்தான், யூவிபி வராது.

பக்கத்தில் ஆள் இருக்கணும். பருந்து, காக்கை, பூனை, கீரி நான்கும் நம் ஊரில் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் கணக்கில் வெயிலே கிடைக்காது. அதற்கும், வாரத்தில் பாதி நாள் மாடிக்கு எடுத்துப்போக முடியாமல் போவதற்கும்தான் டியூப்.

வெயில்_காலம்
முற்றத்து நேரக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரம் வெளியே விடுகிறவருக்கு டியூப் அவசரமில்லை என்பதில் மாற்றமில்லை. முதல் செலவு வெயில் கூண்டுக்கு, டியூப் ஐப்பசிக்கு முன்னால் வந்தால் போதும்.

வயர்மேன்_பள்ளத்தூர்
புதுசா வந்த பிராணியை முதல் வாரத்திலேயே தினம் மாடிக்குத் தூக்கிட்டு ஓட முடியுமா அண்ணே? மிரண்டு போய்க் கிடக்கும். அதனால இவங்களுக்கு டியூப் இப்பவே வேணும்.

டி5 ஹெச்ஓ (ஒல்லியா, வெளிச்சம் கூடுதலா வர்ற டியூப்) வகை, ரிஃப்ளெக்டரோட. 6 அடிக் கூண்டுக்கு 54 வாட், 46 இஞ்ச் நீளம். சுருட்டு பல்பு மாதிரி வர்ற காம்பாக்ட் யூவி வேண்டாம், ஒரு மூலையில மட்டும்தான் விழும். பெட்டியில யூவிபி 6 சதவீதம்னு போட்ட டியூப்னா கிளையில உட்கார்ந்த முதுகுக்கு மேல 25–30 செ.மீ., 12 சதவீதம்னா 40–45 செ.மீ. நடுவுல மெஷ் வந்தா மூணுல ஒரு பங்கு போயிரும், அதனால உள்ளே மாட்டிக் கம்பிக்கூடு போடுங்க. யூவி இண்டெக்ஸ் மீட்டர் இருந்தா முதுகு உயரத்துல 3-லிருந்து 5 காட்டணும். வருஷம் ஒரு தடவை மாத்தணும். வெளிச்சம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், யூவிபி மட்டும் இறங்கிப்போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணி சுத்திகரிப்பு மிஷின்ல வர்ற யூவி டியூப் வேற ஜாதி, அது கண்ணைக் குருடாக்கும். பேரு ஒண்ணா இருக்குன்னு மாட்டிராதீங்க.

சூடு: வெயில் காயுற கிளை மேல்பரப்பு 35–38 டிகிரி. சூடான பக்கக் காத்து 29–32, குளிர்ந்த பக்கம் 26–28. ராத்திரி 23-க்குக் கீழ போகாம இருந்தா நல்லது. 50 வாட் ஹாலஜன் ஃப்ளட், கிளையிலிருந்து 30 செ.மீ.ல ஆரம்பிச்சு அளந்து ஏத்தி இறக்குங்க. ஹாலஜனும் டியூப்பும் ஒரே பக்கத்துல இருக்கணும், சூட்டுக்கு வரும்போதே யூவியும் விழணும். சூடாகும் கல்லுன்னு விக்கிறாங்களே, வாங்காதீங்க. அடிவயித்துல படுற சூடு அதுக்குச் சட்டுன்னு உறைக்காது, வெந்து புண்ணாகிற வரைக்கும் படுத்திருக்கும்.

நம்ம ஊருக்கு எஸ்டிசி-1000ங்கிற வெப்பநிலை கண்ட்ரோலர் பொருத்தம். காரணம், அதுல ரெண்டு ரிலே இருக்கு, ஒண்ணு சூட்டுக்கு ஒண்ணு குளிருக்கு. சூட்டு ரிலேயில ஹாலஜன், குளிர் ரிலேயில 4 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன். செட் பாயிண்ட் 31, வித்தியாசம் (எஃப்2) 2 டிகிரி. 29-க்கு இறங்கினா பல்பு எரியும், 33-ஐத் தொட்டா ஃபேன் ஓடும். எஃப்3-ங்கிறது குளிர் ரிலே திரும்ப ஓடுறதுக்கான தாமதம், அதை 1 நிமிஷமாக்குங்க. சென்சாரைச் சூடான பக்கத்துல பாதி உயரத்துல, நிழல்ல கட்டுங்க. பல்புக்கு நேரா வச்சா பல்பு அணைஞ்சு அணைஞ்சு எரியும், தண்ணித் தொட்டிக்கிட்ட வச்சா கூண்டு கொதிக்கும். ஹாலஜன் லைன்ல 12 மணி நேர டைமரையும் சேர்த்துருங்க, இல்லைன்னா மார்கழி ராத்திரியில 29-க்கு இறங்கினதும் விளக்கு போட்டு எழுப்பும். ராத்திரிக்குச் செராமிக் ஹீட்டர் தனி கண்ட்ரோலர்ல, 23-க்கு வச்சு. தண்ணி தெளிக்கிற இடம்கிறதால மின்கசிவு வந்தா லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம்.

சித்திரை, வைகாசியில கரண்ட் போனா எக்ஸாஸ்ட் நின்னுரும். ஃபேனை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்துங்க. பல்பு போனா ஒண்ணும் ஆகாது, காத்து நின்னாத்தான் ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டின மூடின கூண்டுல அது ரொம்ப நேரம் உயிரோட இருக்காது.

கொய்யாக்கிளை
கூண்டு வைக்க இரண்டாம் கட்டு நல்ல இடம். சுண்ணாம்புக் காரைச் சுவரும் உயர்ந்த கூரையும் பகல் சூட்டைத் தள்ளிப்போடும். மாடி அறை வேண்டாம். அடுப்படிப் பக்கமும் வேண்டாம், காரணம் பின்னால் மருத்துவர் சொல்வார்.

ஈரப்பதம் 65–80 சதவீதம் வேண்டும். நம் பக்கத்துக் கோடைக் காற்றில் மதியத்தில் அந்த அளவு இருக்காது, ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வைத்தால் தெரியும். காலை, மதியம், மாலை ஆறு மணிக்கு முன் கையால் தெளியுங்கள். உடம்பு நனைந்து, அடுத்த தெளிப்புக்குள் கிளைகள் காய்ந்துவிடணும். புகைபோல விடும் ஃபாகரை நாள் முழுக்க ஓட்டி, மெஷ்ஷைப் பாலிதீனால் மூடுகிறார்கள். தேங்கின ஈரத்தில் வயிற்றுச் செதிலில் பழுப்புக் கொப்புளம் வரும், நெஞ்சுச் சளி வரும். தொட்டியோடு ஒரு செம்பருத்திச் செடி உள்ளே வைத்தால் ஈரமும் கிடைக்கும், ஒளிய இடமும் கிடைக்கும், தின்னவும் தின்னும்.

ஆத்தங்குடிக் கல் மேல் கூண்டை நேராக வைக்கவேண்டாம். சிமென்ட் கல், ஈரத்தை உறிஞ்சும். எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம், கறை பிடித்தால் போகாது. கீழே ஒரு வினைல் ஷீட் விரித்து அதன்மேல் கூண்டின் கால்கள் நிற்கட்டும். கழுவ ஃபினாயில் வேண்டாம், ஊர்வனவற்றுக்கு நஞ்சு. பிராணியை வெளியே எடுத்துவிட்டு, வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், 10 நிமிடம், பிறகு நன்றாக அலசிக் காயவிட்டுத்தான் உள்ளே விடணும்.

கீரைப்பாத்தி_ஆச்சி
தீனி நான் சொல்றேன். அகத்தியும் முருங்கையும் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஊர்ல எதுக்குப் பாலக்கு? நூறு கிராம் அகத்தியில 1130 மில்லிகிராம் கால்சியம், முருங்கைக்கீரையில 440. பாலக்குல ஆக்சலேட் கூடுதல், இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போடும். தண்டுக்கீரை, சிறுகீரையும் அந்த வகைதான், மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் இலை அடிக்கடி போனா தைராய்டுக்குக் கெடுதல். ஐஸ்பெர்க் லெட்டூஸ்ல தண்ணியைத் தவிர ஒண்ணும் கிடையாது.

பத்துப் பங்குல எட்டுப் பங்கு இலை: அகத்தி, முருங்கை, மல்பெரி இலை, செம்பருத்தி இலை. இதுல குறைஞ்சது மூணு வகை மாத்தி மாத்தி வரணும், அகத்தியே தினம்னு இருக்கக்கூடாது. ஒன்றரைப் பங்கு துருவின பரங்கிக்காய், பீன்ஸ், முள்ளைச் சுட்டு எடுத்த சப்பாத்திக்கள்ளி மடல். மிச்சம் அரைப் பங்குதான் பப்பாளி, அத்தி, மாம்பழம். பழத்தைக் கண்டா இலையை ஒதுக்கும், அதனால பழத்தைப் பொடிசா நறுக்கி இலையோட பிசறிருங்க. செம்பருத்திப் பூ மேல ஒண்ணு வச்சா சிவப்புக்கு ஆசைப்பட்டு வரும்.

காலையில சூடு காய்ஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு வைங்க. சாயங்காலம் வச்சா ராத்திரிக் குளிர்ல வயித்துலயே கிடக்கும், இலை செரிக்கிறதுக்குச் சூடு வேணும். அளவு அதோட தலைமாதிரி ரெண்டு பங்கு குவியல், தின்னு தீர்த்தா கூட்டுங்க. கால்சியம் கார்பனேட் பொடி, பாஸ்பரஸ் கலக்காதது, ரெண்டு விரல் சிட்டிகை, வாரம் நாலு நாள். பெரிசானதும் ரெண்டு நாள் போதும். சந்தைக் கீரையைத் தண்ணில அரைமணி ஊறப்போட்டு மூணு தண்ணில அலசுங்க, மருந்தடிச்சது எதுன்னு தெரியாது. அரளி, எருக்கு, ஊமத்தை, குரோட்டன்ஸ் பக்கம் விட்டுராதீங்க. முற்றத்து ஓரத்துல அரளி வச்சிருக்கிற வீடு நிறைய.

பாலக்குத் தின்னு பழகினது முதல் வாரம் முருங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பாலக்கைப் பாதி, மறுவாரம் கால்வாசின்னு குறைச்சுக் கலங்க. ஒரேயடியா நிறுத்தினா பட்டினி கிடக்கும்.

பட்டாலைத்_தூண்
ஆச்சி, நன்றி. தாடை கட்டியாக இருக்கிறது, துடிப்பு இல்லை. சரி, தூக்குவது? ஒரு உறவினர் கூண்டே வேண்டாம், வளவுக்குள் அவிழ்த்து விடு, தானாகப் பழகும் என்கிறார்.

வாலடி
அவிழ்த்து விட்டால் முதலில் தூணைப் பிடித்து உத்தரத்துக்குப் போகும், அப்புறம் முற்றத்து வழியாக ஓட்டுக்கூரைக்கு. கூரை ஏறின இகுவானாவை இறக்க ஏணியும் அரை நாளும் வேண்டும். வழுவழுப்பான ஆத்தங்குடித் தரையில் நகம் பிடிக்காது, குளிர்ந்த தரையில் செரிமானமும் நிற்கும். பழகுவதற்கு வேறு வழி.

முதல் இரண்டு வாரம் தொடாதீர்கள். தீனி வைக்க, எச்சம் எடுக்க மட்டும் கை உள்ளே போகட்டும். தினம் ஒரே நேரத்தில் கூண்டுக்கு முன் கால் மணி நேரம் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். மூன்றாம் வாரம் செம்பருத்திப் பூவைக் கையில் வைத்து நீட்டுங்கள். வாங்கித் தின்ன ஆரம்பித்த பிறகு கன்னத்துக்குக் கீழே, தோள் பக்கம் ஒரு விரலால் தொடலாம். உச்சந்தலையில் வெளிறின ஒரு செதில் தெரியும், அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, நிழல் விழுந்தால் தெரியும். மேலிருந்து கை இறங்கினால் அதற்கு அது பருந்து. எப்போதும் பக்கவாட்டில், கீழிருந்து.

தூக்கும்போது ஒரு உள்ளங்கை நெஞ்சுக்குக் கீழே, முன்கால்கள் உங்கள் விரலுக்கு இரண்டு பக்கமும். மற்றது இடுப்புக்கும் பின்காலுக்கும் கீழே. வாலை உங்கள் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் விடுங்கள். வாலைப் பிடித்து இழுத்தால் கழன்று கையோடு வரும். திரும்ப முளைக்கும், ஆனால் குட்டையாக, கறுத்து, அழகில்லாமல். முழுக்கைச் சட்டை போதும். தடித் தோல் கையுறை போட்டால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது.

அடிக்கப் போகிறது என்பதை முன்னாலேயே சொல்லும். தாடைக்கீழ்த் தொங்குதோலை விரிக்கும், உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி உயர்ந்து காட்டும், தலையை வேகமாக ஆட்டும், வாலை வில்லாக வளைக்கும். அப்போது கையை நீட்டாதீர்கள், பின்வாங்கி ஓடவும் வேண்டாம். அடித்தால் நாம் போய்விடுவோம் என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் நின்று, அது அடங்கிய பிறகு நகருங்கள். ஏற்கனவே தூக்கியிருக்கும்போது முறுக்கினால், அது ஓயும் வரை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்து பிறகு இறக்குங்கள்.

ஆணாக இருந்தால், அதாவது தொடை அடியில் துளை வரிசை பெரிதாகப் புடைத்திருந்தால், பருவத்தில் ஆரஞ்சு நிறம் ஏறும். அந்த இரண்டு மூன்று மாதம் நன்றாகப் பழகியதும் கடிக்கும். கடித்தால் கையை இழுக்காதீர்கள், பல் ரம்பம் மாதிரி, இழுத்தால் கிழியும். தலையை ஒரு துணியால் மூடினால் விடும்.

மாட்டு_டாக்டர்
கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி பார்க்கவேண்டும். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், பல்லியால் வராது. ஆழமான கடி என்றால் மருத்துவரிடம் காட்டாமல் கட்டுப்போட்டு மூடாதீர்கள்.

வீட்டில் பிள்ளையும் பெரியவரும் இருப்பதால் சால்மொனெல்லா (வயிற்றுப்போக்கு தரும் கிருமி) முக்கியம். நோயே இல்லாத இகுவானாவின் எச்சத்திலும் இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், 65-க்கு மேல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம், பார்த்தால் போதும். அதன் தட்டு, தொட்டி அடுப்படித் தொட்டியில் கழுவக்கூடாது. தனி வாளி, தனி பிரஷ், தொட்டபின் சோப்பு.

குளியல் வாரம் மூன்று நாள், தோள் உயரத் தண்ணீர், 29–32 டிகிரி, கால் மணி நேரம். பெரும்பாலும் தண்ணீரிலேயே எச்சம் போடும், உங்களுக்கும் வேலை மிச்சம். தோல் உரியும்போது பிய்க்காதீர்கள். விரலிலும் வால் நுனியிலும் வளையமாக நின்றுவிட்டால் ஊறவைத்து ஈரத்துணியால் உருவி எடுங்கள், விட்டால் ரத்தம் போகாமல் நுனி செத்துப்போகும். பெண் என்றால் ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கலாம். வயிறு பெருத்துத் தரையைத் தோண்டினால் ஈர மணல் பெட்டி வைத்து, என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கோப்பு_எண்
தாள் வேலையை யாரும் சொல்லவில்லை. பச்சை இகுவானா சைட்டிஸ் (வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையும், இத்தகைய பிராணிகளைப் பதிவதற்கான 2024 விதிகளும் பொருந்தும். கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவேண்டும். கொடுத்தவரின் பதிவுச் சான்றையும் கைமாற்றிய விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவரே பதியவில்லை என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் முதலில் போய்ப் பேசுவது நல்லது. நகலை வீட்டில் வையுங்கள். பக்கத்து வீட்டார் கண்ணுக்கு இது உடும்பு, உடும்பு முதல் அட்டவணைப் பிராணி, வைத்திருப்பதே குற்றம். ஒரு புகார் போனால் சான்றைக் காட்டித்தான் நிற்க முடியும். வளர்க்க முடியாமல் போனாலும் ஊருணிக்கரையில் விட்டுவிடாதீர்கள். ஃபுளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் இப்படி வெளியே போனவை பெருகிக் கரைகளைத் தோண்டிக்கொண்டிருக்கின்றன.

பட்டாலைத்_தூண்
நாளை மெஷ்ஷும் போர்டும் வாங்கப் போகிறேன். கதவு எந்தப் பக்கம், எத்தனை? குளியலுக்கு மாடித் தொட்டிக் குழாய்த் தண்ணீர் போதுமா?

வாலடி
முன்பக்கம் இரண்டு கதவு. கீழ்க்கதவு தரையிலிருந்து 2 அடி உயரம், தட்டும் எச்சமும் எடுக்க. மேல்கதவின் கீழ்விளிம்பு கிளை உயரத்துக்குச் சற்றுக் கீழே, அப்போதுதான் கை பக்கவாட்டில் போகும். மேல்மூடியைத் திறக்கிற மாதிரி செய்யவே வேண்டாம். தாழ்ப்பாள் இரண்டிரண்டு, ஒற்றைக் கொக்கியை மூக்கால் தள்ளித் திறந்துவிடும்.

வயர்மேன்_பள்ளத்தூர்
மாடித் தொட்டித் தண்ணி பங்குனிக்கு மேல மதியத்துல கை வைக்க முடியாது. காலையில பிடிச்சு வாளியில வைங்க, குளிக்க விடுறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க. மெஷ் வாங்கும்போது கண்ணை ஸ்கேல் வச்சு அளந்து வாங்குங்க, அரை இஞ்ச்னு சொல்லி முக்கால் கொடுத்துருவாங்க.